புதுப்பிப்பு: ஐந்து பிரபுக் குடும்பங்களும் ஒரு சுங்கப் பெட்டியும்

போன மாசம் கேட்டிருந்தேன்: ஈரோட்டில் நாங்க ஞாயிறுதோறும் ஆளுக்கொரு பாத்திரமா ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில், துறைமுக நகரை ஆளும் ஐந்து குடும்பங்களில் ஒன்று மற்ற நாலையும் விழுங்கிவிடுகிறது, என்ன பண்ணலாம்னு. வழி கிடைச்சிருச்சுங்க.

வெனிஸில் 1268 முதல் குலுக்கலும் ஓட்டும் மாறி மாறி நடத்தி, கடைசியாக 41 பேர்தான் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரை முன்கூட்டியே வளைப்பது என்றே தெரியாது. எங்க ஆட்டத்து நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அதை மூன்று சுற்றாகச் சுருக்கிக்கொண்டேன்.

ஆனா ஆட்டத்தையே மாத்தினது நம்ம கீழ்பவானி வாய்க்கால்தான். ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படைக்கு அடுத்த முறைன்னு தண்ணி விடறாங்கள்ல, அதேதான். சுங்கம் ஒரு பருவம் இரண்டு குடும்பத்துக்கு, அடுத்த பருவம் வேற இரண்டுக்கு. முறை இல்லாதவங்க கையில் கணக்குப் புத்தகம்.

நேத்து உப்பு வியாபாரக் குடும்பமாக ஆடும் தம்பி பெட்டியில் கை வைத்தான். எதிரே புத்தகத்தை விரித்தபடி அவனுடைய ஆட்ட மாமனார். கையை எடுத்துட்டான். அப்புறம் அரைமணி நேரம் பேரம்தான், யாரும் வாளைத் தொடலை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஐந்தாவது குடும்பத்துக்குக் கோட்டைக் காவல் மட்டும். அது போதாதுங்கறாங்க, அவங்க சொல்றது நியாயம்தான். அடுத்த வாரம் அதைச் சரிபண்ணணும்.