கும்பகோணத்தில் பி.எஸ்.2 (பிளேஸ்டேஷன் 2) வாங்கணும்: ஃபேட்டா, ஸ்லிம்மா?

கேள்வி: குடந்தை_கேமர்

வணக்கம். செகண்ட் ஹேண்டில் மூணு பி.எஸ்.2 கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. மாடல் நம்பரை அப்படியே தர்றேன்:

தஞ்சாவூரில் ஃபேட் (பழைய தடிமனான மாடல்), எஸ்.சி.பி.எச்-50004. ஹார்டு டிஸ்க் போடுற அடாப்டர் இல்ல. டிஸ்க் போட்டா டக் டக்னு சத்தம், சில நேரம் படிக்குது.
மயிலாடுதுறையில் ஸ்லிம் (பின்னாடி வந்த ஒல்லி மாடல்), 77004. கரண்ட் அடாப்டர் கம்பெனியுது இல்ல.
நாகப்பட்டினத்தில் ஸ்லிம், 90006. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு, விலையும் கம்மி.

வீட்டுல ஒரிஜினல் டிஸ்க் இருக்கு, அட்டையில எஸ்.எல்.ஈ.எஸ்னு போட்டிருக்கு. கொஞ்சம் பி.எஸ்.1 டிஸ்க்கும் உண்டு. டிவி 32 இன்ச் எல்.ஈ.டி, பின்னாடி காம்போனென்ட் பின் (பச்சை, நீலம், சிவப்பு வீடியோ பின்) இருக்கு. எதை எடுக்கலாம்?

பதில்: பழைய_டிவி

விலையை விடுங்க, மாடல் நம்பரோட கடைசி இலக்கத்தைப் பாருங்க. 4னா ஐரோப்பா, 1 அமெரிக்கா, 0 ஜப்பான், 6 ஹாங்காங்-சிங்கப்பூர். உங்க டிஸ்க்கில் உள்ள எஸ்.எல்.ஈ.எஸ் என்பது பி.ஏ.எல் வகை, அதாவது ஐரோப்பா மாடலுக்கானது. எஸ்.சி.ஈ.எஸ்னு இருந்தாலும் அதேதான். 90006 அந்த டிஸ்க்கை எடுக்காது, பிராந்தியப் பூட்டு தடுத்துடும். லென்ஸ் நல்லா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. புதுசு மாதிரி இருக்குனு அதுல விழுந்துடாதீங்க.

90000 வரிசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டிக்கரில் 8சி, 8டி மாதிரி ஒரு தேதிக்குறி இருக்கும். இலக்கம் வருஷம் (8னா 2008), எழுத்து மூணு மாசக் காலாண்டு. 8சி-க்கு முன்னாடி வந்ததில் ஃப்ரீ மெக்பூட் (வெளி மென்பொருளை ஓட்ட உதவுற புரோகிராம்) போட்ட மெமரி கார்டு வேலை செய்யும். 8சி ரெண்டுங்கெட்டான், பழைய பயாஸும் (உள்ளே பதிஞ்ச தொடக்க மென்பொருள்) வரும், புது பயாஸும் வரும். 8டி முதல் மெக்பூட் கிளம்பவே கிளம்பாது. அதுக்கு ஓப்பன்டூனாங்கிற வேற புரோகிராம் போட்ட கார்டு வேணும். அதுவும் பி.எஸ்.2வோட சொந்த மெனுவில் உள்ள பிரவுசருக்குள்ள போய் மெமரி கார்டைத் திறந்தாத்தான் கிளம்பும்.

பி.எஸ்.1 டிஸ்க் முக்கியம்னா 50004 தான் சரி. 75000 வரிசையிலேர்ந்து உள்ளே இருந்த பழைய இன்புட்-அவுட்புட் சிப்பை எடுத்துட்டு வேற சிப்பை அதைப் போலச் செய்ய வச்சாங்க. அதனால சில பி.எஸ்.1 கேம் அந்த மாடல்களில் தடுமாறும். பி.எஸ்.2விலும் ஒண்ணு ரெண்டு அப்படி உண்டு.

பதில்: சோல்டர்_ராட்

50004-க்குத்தான் என் ஓட்டும், ஆனா விலையைக் குறைச்சுப் பேசுங்க. டக் டக் சத்தம்னா லென்ஸ் மேலயும் கீழயும் தேடுதுனு அர்த்தம். பாதி நேரம் தூசும் காய்ஞ்சுபோன கிரீஸும்தான் காரணம்.

முதல்ல 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சமா தொட்டு லென்ஸைத் துடைங்க, அழுத்தாதீங்க. அப்புறம் லென்ஸ் ஓடுற ரெண்டு கம்பியையும் துடைச்சு, வெள்ளை லித்தியம் கிரீஸை அரிசி அளவு தடவுங்க. இவ்வளவுல சரியாகலைன்னா லென்ஸ் உயரத்தை மாத்துற சின்ன வெள்ளைப் பல்சக்கரத்துக்குப் போங்க. மார்க்கரால் இப்ப இருக்குற இடத்தைக் குறிச்சுக்கிட்டு, ஒவ்வொரு பல்லா நகர்த்தி ஒவ்வொரு தடவையும் டிஸ்க் போட்டுப் பாருங்க. லேசர் பவர் திருகை மட்டும் தொடவே தொடாதீங்க. கொஞ்ச நாள் நல்லா ஓடுற மாதிரி இருக்கும், அப்புறம் லேசரே செத்துடும்.

புது லென்ஸ் மாத்தினா, பழைய யூனிட்டில் அச்சிட்ட நம்பரையே கேட்டு வாங்குங்க. கடையிலேர்ந்து வர்றதுல ஸ்டாட்டிக் பாதுகாப்புக்காக ஒரு புள்ளி ஈயம் வச்சு ஷார்ட் பண்ணியிருப்பாங்க. ரிப்பன் கேபிளைச் சொருகின பிறகு அந்தப் புள்ளியை எடுக்கணும். எடுக்காம மூடிட்டு "புது லென்ஸும் டூப்ளிகேட்"னு திட்டுறவங்க நிறைய பேர்.

ஃபேட்டோட பெரிய பலன் பின்னாடி இருக்குற விரிவாக்கப் பெட்டி. சாட்டா அடாப்டர் ஒண்ணு வாங்கி ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, மெக்பூட்டிலிருந்து ஓ.பி.எல் (டிஸ்க் இல்லாம கேம் ஓட்டுற புரோகிராம்) ஓட்டினா டிஸ்க் டிரைவே தேவையில்ல. 2 டிபி வரைக்கும் எடுத்துக்கும். உங்க டிஸ்க்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஐ.எஸ்.ஓ-வா (டிஸ்க்கோட முழு நகல் கோப்பா) எடுத்து அதுல ஏத்திக்கலாம்.

பதில்: நாகை_உப்புக்காற்று

எந்த மாடலா இருந்தாலும் கையில மூணு டிஸ்க் எடுத்துட்டுப் போங்க. அடிப்பக்கம் நீலமா இருக்குற சி.டி கேம் ஒண்ணு, வெள்ளியா இருக்குற டி.வி.டி கேம் ஒண்ணு, ரெண்டு அடுக்கு டி.வி.டி ஒண்ணு (காட் ஆஃப் வார் 2 அப்படித்தான்). சி.டிக்கும் டி.வி.டிக்கும் வேற வேற லேசர், அதனால ஒண்ணு படிச்சா இன்னொண்ணும் படிக்கும்னு நம்பக்கூடாது. மெனு வந்ததும் கிளம்பிடாதீங்க, விளையாட்டுக்குள்ள போய் இருபது நிமிஷம் ஓட விடுங்க.

கடலோரத்துச் சாமானுக்குத் தனிப் பார்வை வேணும். அடியில உள்ள ஸ்குரூ தலை, மெமரி கார்டு ஸ்லாட்டுக்குள்ள தெரியுற பின், ஏவி சாக்கெட், இந்த மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சைப் பூத்திருந்தாலோ துரு இருந்தாலோ உள்ள போர்டிலும் இருக்கும். 2018 நவம்பர் கஜா புயல்ல நனைஞ்சு காயவச்ச எலெக்ட்ரானிக்ஸ் நம்ம பக்கத்துல இன்னும் கைமாறுது. மேல பளபளன்னு துடைச்சிருப்பாங்க, ஸ்குரூவைத் துடைச்சிருக்க மாட்டாங்க.

கரண்ட் போய்த் திரும்பி வர்ற நேரத்துல பிளக்கைப் பிடுங்கி வைங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில அலமாரிக்குள்ள மூடி வைக்காம, வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட விடுங்க.

குடந்தை_கேமர்

ரொம்ப நன்றிண்ணே. 50004 பேரம் படியலைன்னா 77004 எடுக்கலாமா? அந்த அடாப்டர்தான் பயமா இருக்கு. ஸ்லிம்மில் யு.எஸ்.பியில் கேம் போட்டா போதுமா?

பதில்: சோல்டர்_ராட்

தாராளமா எடுக்கலாம் தம்பி, பி.எஸ்.1ல மட்டும் எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கணும். அடாப்டர்ல 8.5 வோல்ட்னு இருக்கணும். மல்டிமீட்டர் வச்சு நடுமுனை பிளஸ்தானான்னு பார்த்துட்டுச் சொருகு. 12 வோல்ட் சி.சி.டி.வி அடாப்டரை மாட்டி விக்கிறவங்க உண்டு, அது போர்டைத் தின்னுடும்.

மூடியைத் திறந்து லென்ஸுக்குப் போற ரிப்பன் கேபிளையும் பாரு. அது மேல எழும்பியிருந்தா டிஸ்க் அடிப்பக்கத்துல வட்டமா கீறல் போடும். சூடு தாங்குற டேப்பால ஒட்டிடு.

யு.எஸ்.பி வேகம் போதாது. அது 1.1, அதிகபட்சமே நொடிக்கு 1.5 எம்பி, நடைமுறையில் அதுக்கும் கீழ. கேம் ஓடும், நடுவுல வர்ற வீடியோக் காட்சி திக்கும். எம்.எக்ஸ்.4.எஸ்.ஐ.ஓ-னு மெமரி கார்டு ஸ்லாட்டில் போடுற எஸ்.டி கார்டு அடாப்டர் வாங்கு. மெக்பூட் கார்டை முதல் ஸ்லாட்டில், இதை ரெண்டாவதில் போடு. எஸ்.டி கார்டை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் பண்ணி, ஐ.எஸ்.ஓ-க்களை ஒண்ணொண்ணா காப்பி பண்ணு. கோப்பு துண்டு துண்டா விழுந்தா ஓ.பி.எல் ஓட்டாது.

பதில்: பழைய_டிவி

டிவியில காம்போனென்ட் கேபிளே போடுங்க, மஞ்சள் பின்னில் எழுத்து மங்கும். ஒண்ணு மறக்காதீங்க: முதல்ல மஞ்சள் கேபிளில் மாட்டி, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்போனென்ட் வீடியோ அவுட்டை ஆர்.ஜி.பியிலிருந்து ஒய்-பி.பி-பி.ஆருக்கு மாத்திட்டு, அப்புறம் கேபிளை மாத்துங்க. இல்லைன்னா படம் நிறம் மாறி வரும், இல்லை வரவே வராது. கடைக்காரர்கிட்ட டெஸ்ட் பண்ணும்போதும் இதே வரிசைதான்.