கன்டினியுவேஷன் கருத்துக்கு யாரை மேற்கோள் காட்டுவது?

வினா: நிரல்மொழிகளின் பொருண்மையியல் (நிரல்களின் பொருளை வரையறுக்கும் துறை) குறித்த ஆய்வேட்டில், கன்டினியுவேஷன் (நிரலில் ஒரு கட்டத்துக்குப் பின் நடக்க வேண்டிய எஞ்சிய கணிப்பு) என்னும் கருத்துக்கு ஸ்ட்ரேச்சியும் வாட்ஸ்வர்த்தும் 1974-இல் வெளியிட்ட ஆக்ஸ்போர்டு அறிக்கையை மட்டும் மேற்கோள் காட்டினால் போதுமா? நெறியாளர் போதாது என்கிறார்.

மறுமொழி 1: நெறியாளர் சொல்வது சரி. இக்கருத்து பலமுறை தனித்தனியே கண்டறியப்பட்டது என்பதை கணினியியலாளர் ஜான் ரெனால்ட்ஸ் 1993-இல் ஒரு வரலாற்றுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். 1964 செப்டம்பரில் வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடனில் நடந்த மாநாட்டில், எந்தச் செயல்முறையும் (procedure) தன்னை அழைத்த இடத்துக்குத் திரும்பத் தேவையில்லாதபடி, அடுத்து நடக்க வேண்டியதையே கூடுதல் அளபுருவாக (parameter) கொடுத்து, அல்கால் 60 என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரல்களிலிருந்து கோட்டூ (வேறிடத்துக்குத் தாவும்) கட்டளைகளை நீக்கும் முறையைக் கணினியியலாளர் வான் வெய்ங்கார்டன் விளக்கினார். ரெனால்ட்ஸ் காட்டும் மிகப் பழைய பதிவு அதுதான். பின்னர் வந்தோர் பட்டியலில் மசுர்கியேவிச், எஃப். எல். மாரிஸ், வாட்ஸ்வர்த் ஆகியோருடன் ரெனால்ட்ஸும் உண்டு.

மறுமொழி 2: "தனித்தனியே" என்று எழுதும்போது சற்று எச்சரிக்கை தேவை. ஸ்ட்ரேச்சியும் மற்றொரு கணினியியலாளரான லாண்டினும் அதே பாடன் மாநாட்டில் கட்டுரை வழங்கியவர்கள். ஒரே அரங்கில் இருந்தார்கள் என்பதாலேயே கடன் வாங்கினார்கள் என்று ஆகிவிடாது. ஆயினும் தொடர்பே இல்லை என்று உறுதிகூறவும் இடமில்லை. என் கருத்தில், முந்தியவர் என்பதற்கு வான் வெய்ங்கார்டனையும், பொருண்மையியலில் நிலைபெறச் செய்ததற்கு 1974 அறிக்கையையும் தனித்தனி வாக்கியங்களில் குறிப்பிடுவதே நேர்மையானது.

வினவியவர்: நன்றி. முன்னுரையை அவ்வாறே பிரித்து எழுதுகிறேன்.