கரைவலையைப் படம் எடுக்க எது தோது: ஓஎம்-1ஆ, எஃப்எம்2வா?

தொண்டித்தம்பி:
தனுஷ்கோடியில கரைவலை இழுக்கிறதைக் கருப்பு வெள்ளை ஃபிலிம் ரோல்ல எடுக்கணும்னு ஆசை. ரெண்டு கேமரா கைக்கு வருது: ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2. விலையில பெரிய வித்தியாசம் இல்ல. படத் தரம் பத்திக் கேக்கல. மணல்ல, காத்துல, வியூஃபைண்டரை விட்டுக் கண்ணை எடுக்காம எதைத் திருப்ப முடியும்? அதை மட்டும் சொல்லுங்க.

பாம்பன்வாடை:
ஓஎம்-1 தம்பி. மத்ததுல ஷட்டர் வேக டயல் மேல, வலது பக்கம் உக்காந்திருக்கும். இதுல லென்ஸ் மாட்டுற இடத்தைச் சுத்தி வளையமா இருக்கு. வேகம், ஃபோகஸ், அப்பர்ச்சர் (லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற துளை) மூணையும் இடது கையே பாத்துக்கும். வலது கை பிடியைத் தளர்த்தாது, விரல் பட்டனை விட்டு நகராது. மேல டயல் மாதிரி தெரியுறது ஃபிலிம் வேகம் வைக்க. புதுசா வாங்குறவங்க அதைத்தான் போய்த் திருகுவாங்க. 1972ல எம்-1னு வந்த மாடல். லைக்காக்காரங்க ஆட்சேபிச்சதால ஓஎம்-1 ஆச்சு.

கீழக்கரை_காக்கா:
வளையம் அழகுதான், மறுக்கல. சித்திரை மத்தியானத்துல அரிச்சல்முனை மணல்ல நின்னு பாருங்க. வெளிச்சத்தைச் சட்டுனு வாங்குற 400 ரோல்னா, மணல் அடிக்கிற வெளிச்சத்தோட சேத்து, வேகம் 1/1000 செகண்ட், அப்பர்ச்சர் எஃப் 16. ஓஎம்-1க்கு அதுக்கு மேல வேகமே கிடையாது. துளை அவ்வளவு சின்னதா இருந்தா வலைக்குப் பின்னாடி நிக்கிற வேன், கடை போர்டு எல்லாம் எழுத்தோட படத்துல வந்துரும். எஃப்எம்2 1/4000 வரை போகும், எஃப் 8 வரை திறக்கலாம்.

அப்புறம், கண்ணை எடுக்காமன்னுதானே தம்பி கேட்டாரு? எஃப்எம்2 வியூஃபைண்டர்லயே வேகமும் அப்பர்ச்சரும் எண்ணாத் தெரியும். ஓஎம்-1ல வெளிச்சம் சரியான்னு காட்டுற ஒரு முள்ளு, அவ்வளவுதான். எந்த வேகத்துல நிக்கிறோம்னு பாக்க கேமராவை இறக்கணும்.

பாம்பன்வாடை:
வெளிச்சத்தை மெதுவா வாங்குற 100 ரோல் போடுங்க காக்கா, துளையைத் திறக்க ரெண்டு ஸ்டாப், அதாவது ரெண்டு படி, தானா கிடைச்சிரும். வேகத்தை நான் கிளிக்கை எண்ணியே மாத்துறேன், இறக்குறதில்ல.

உங்க எஃப்எம்2ல ஒரு சங்கடத்தை நீங்க சொல்லல. ஃபிலிம் சுத்துற லீவரை உள்ள தள்ளி வெச்சா ஷட்டர் பட்டன் பூட்டிக்கும். படம் எடுக்கணும்னா லீவர் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டே இருக்கணும். வலது கண்ணால பாக்குறவங்களுக்குக் கவலை இல்ல. நான் இடது கண்ணு, கண்ணாடி வேற. லீவர் நுனி நேரா வலது பக்கக் கண்ணாடியில வந்து இடிக்கும்.

குந்துகால்_கடலோடி:
கரையில நின்னே சண்டை போடுறீங்க. வத்தையில, அதான் சின்னப் படகுல, ஏறுங்க. ஒரு கை கயித்தைப் பிடிச்சிருக்கும், மிச்சம் ஒரு கைதான். அங்க வளையம் எதுக்கு, டயல் எதுக்கு? நான் வெச்சிருக்கது கேனான் ஏஇ-1. வேகம் 1/500, அப்பர்ச்சரை அதுவே போட்டுக்கும். 28 எம்எம் லென்ஸ்ல தூரத்தை முன்னாடியே வெச்சிட்டா ஃபோகஸும் தொட வேண்டாம். கட்டைவிரல் சுத்தும், ஆள்காட்டி விரல் அமுக்கும்.

கீழக்கரை_காக்கா:
உள்ள இருக்க 6 வோல்ட் பேட்டரி நடுக்கடல்ல தீந்துச்சுன்னா ஏஇ-1 ஷட்டரே அடிக்காதே மாப்ள. இவங்க சொல்ற ரெண்டும் பேட்டரி இல்லாமலே எல்லா வேகத்துலயும் ஓடும், வெளிச்சத்தை அளக்குற மீட்டர் மட்டும்தான் போகும்.

குந்துகால்_கடலோடி:
சட்டைப் பையில இன்னொரு பேட்டரி. கடலுக்குப் போறவன் உபரி டீசல் இல்லாமயா போவான்?

கீழக்கரை_காக்கா:
சரி, விடுங்க. பேட்டரின்னு வந்தா ஓஎம்-1க்கும் கேள்வி இருக்கு. அதோட மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செஞ்சது, இப்ப அது விக்கிறதில்ல. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டா மீட்டர் தப்பாக் காட்டும்.

பாம்பன்வாடை:
காது கேக்குற மெஷினுக்குப் போடுற 675 பேட்டரி வாங்குங்க. வோல்ட் கிட்டத்தட்ட அதேதான். அளவு கொஞ்சம் சின்னது, ஆடாம இருக்க சுத்தி ஒரு ரப்பர் வளையம் வேணும். மேல ஒட்டியிருக்க ஸ்டிக்கரைக் கிழிச்சதுமே ஆயுசு குறைய ஆரம்பிச்சிரும், அது ஒண்ணுதான் குறை. அதுவும் தனுஷ்கோடி வெயிலுக்கு மீட்டர் எதுக்கு காக்கா?

கீழக்கரை_காக்கா:
மத்தியானத்துக்கு வேண்டாம். விடியக்காலையில வலை ஏறுதுன்னா வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அந்த மங்கல்ல உங்க முள்ளு தேடினாத்தான் கிடைக்கும். எஃப்எம்2ல வெளிச்சம் கூட, சரி, குறைன்னு காட்ட பிளஸ், வட்டம், மைனஸ்னு சிவப்பு விளக்கு எரியும், இருட்டுலயும் தெரியும்.

தொண்டித்தம்பி:
மணலைப் பத்தி யாருமே பேசலையே?

பாம்பன்வாடை:
வாடைக்காத்து அடிக்கும்போது ரெண்டுமே ஒண்ணுதான். கரையில நின்னு லென்ஸ் கழட்டாதீங்க, ரோல் மாத்துறதை வண்டிக்குள்ள வெச்சுக்குங்க. வீட்டுக்கு வந்ததும் லேசா ஈரம் பண்ணின துணியால உப்பைத் துடைச்சிட்டு, காஞ்ச துணியால ஒரு தடவை.

கீழக்கரை_காக்கா:
ஒண்ணுன்னு சொல்லாதீங்க. வளையத்துக்குள்ள மணல் ஏறினா கரகரன்னு மாட்டும். மேல இருக்க டயலைக் கைக்குட்டை போட்டு மூடிக்கலாம், லென்ஸடியில இருக்க வளையத்தை எதை வெச்சு மூடுவீங்க?

தொண்டித்தம்பி:
நானும் இடது கண்ணுதான், கண்ணாடியும் உண்டு. ஓஎம்-1 எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். காதுமெஷின் பேட்டரி, 100 ரோல் ரெண்டும் வாங்கிர்றேன்.

கீழக்கரை_காக்கா:
விடியக்காலை வலைக்கு 100 ரோலா?