[உதவி] ஆட்டம் நெட்புக்குக்காகக் கட்டிய கர்னல் ரூட்டை மவுன்ட் செய்யாமல் பேனிக் ஆகிறது

நெட்புக்வாசி:

வணக்கம். வீட்டில் ஒரு பழைய 10 அங்குல நெட்புக் இருக்கிறது. இன்டெல் ஆட்டம் என்450, 2 ஜிபி ரேம், பின்னால் மாற்றிப் போட்ட 120 ஜிபி எஸ்எஸ்டி. டெபியன் 13, அதோடு வந்த 6.12 கர்னல். ஓடுவதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பூட் ஆக நேரம் எடுக்கிறது. இந்தப் பெட்டிக்கு வேண்டியதை மட்டும் வைத்து ஒரு கர்னல் கட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் டிஸ்க்கைத் திறக்கும் முன் ரேமில் ஏறும் சின்னத் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) இல்லாமல், பூட் லோடரான கிரப் நேராகக் கர்னலை ஏற்றி, கர்னலே எஸ்எஸ்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஆசை.

ஆட்டத்தில் கம்பைல் போட்டால் எப்போது முடியும் என்று தெரியாது, அதனால் அந்த வேலையெல்லாம் ரைசன் டெஸ்க்டாப்பில். நெட்புக்கில் எல்எஸ்மாட் (ஏறியிருக்கும் மாட்யூல்களை, அதாவது கர்னலோடு தனியாகச் சேரும் டிரைவர் துண்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்து, வருவதை ஒரு கோப்பில் பிடித்து டெஸ்க்டாப்புக்கு அனுப்பினேன். நெட்புக்கின் பூட் அடைவில் இருக்கும் கான்ஃபிக் கோப்பையும் எடுத்து சோர்ஸ் அடைவில் .கான்ஃபிக் என்ற பெயரில் வைத்தேன். அப்புறம்:

மேக் எல்எஸ்மாட்=/டிஎம்பி/நெட்புக்-பட்டியல் லோக்கல்யெஸ்கான்ஃபிக்

இது பட்டியலில் உள்ள மாட்யூல்களை மட்டும் வைத்து, அவற்றைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடும். கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர். கம்பைல் சுத்தமாக முடிந்தது. கட்டி முடித்த கர்னல் கோப்பான பிஇசட்இமேஜை நெட்புக்கின் பூட் அடைவில் போட்டு, கிரப்பில் 40_கஸ்டம் கோப்பில் ஒரு மெனு சேர்த்தேன். பழைய டெபியன் மெனுவை அப்படியே நகல் எடுத்து, கர்னல் பெயரை மாற்றி, இனிட்ஆர்டி வரியை மட்டும் நீக்கினேன். பூட் செய்தால் கர்னல் பேனிக் ஆகி (மேலே போக முடியாமல் நின்று), திரையில் கடைசியாக நிற்பது இது:

கர்னல் பேனிக் - நாட் சிங்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)

பழைய கர்னலில் பூட் செய்தால் எல்லாம் வழக்கம்போல. எங்கே பார்க்க வேண்டும்?

சிலந்திவலை:

டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து வெறும் லோக்கல்மாட்கான்ஃபிக் (ஏறியிருப்பவற்றை மட்டும் மாட்யூலாகவே வைப்பது) கொடுத்து, டெஸ்க்டாப்பின் மாட்யூல் பட்டியலையே நெட்புக்குக்குக் கட்டிவிடுபவர்கள்தான் அதிகம். எல்எஸ்மாட் கோப்பைத் தனியாகக் கொண்டுபோனது நல்லது, அந்தக் குழப்பம் இல்லை.

பேனிக் செய்தியைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது டிஸ்க் டிரைவர். .கான்ஃபிக்கில் இந்த மூன்றும் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்: சாட்டா_ஏஹெச்சிஐ, பிஎல்கே_டெவ்_எஸ்டி, எக்ஸ்ட்4_எஃப்எஸ். மூன்றுமே ஒய்யாக (கர்னலுக்குள்ளேயே) இருக்க வேண்டும். ஒன்று எம்மாக (தனி மாட்யூலாக) இருந்தாலும் போச்சு. அந்த மாட்யூல் கோப்பு எஸ்எஸ்டிக்குள்தான் கிடக்கிறது, எஸ்எஸ்டியைத் திறக்கவோ அந்த மாட்யூலே வேண்டும்.

பயாஸில் சாட்டா முறை எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் ஐடிஇ என்று விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் ஏஹெச்சிஐ டிரைவர் உதவாது, ஏடிஏ_பிக்ஸ் வேண்டும். பழைய கர்னலில் போய் எல்எஸ்பிசிஐ -கே கொடுங்கள். சாட்டா கன்ட்ரோலருக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று எது வருகிறதோ அதுதான் பதில்.

நெட்புக்வாசி:

நன்றி அண்ணா. எல்எஸ்பிசிஐயில் ஏஹெச்சிஐ என்றுதான் வருகிறது. .கான்ஃபிக்கிலும் நீங்கள் சொன்ன மூன்றும் ஒய்தான். அதனால்தான் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

மேகலை:

கடைசி வரியை மட்டும் போட்டிருக்கிறீர்கள் தம்பி. விஷயமே அதற்கு மேலே உள்ள வரிகளில்தான் இருக்கும். பேனிக் ஆவதற்கு முன்னால் கர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களையெல்லாம் திரையில் பட்டியலிடும். போனில் படம் பிடித்து, அதில் இருப்பதை இங்கே எழுதுங்கள்.

நெட்புக்வாசி:

படத்தைப் பார்த்து எழுதுகிறேன்:

விஎஃப்எஸ்: கேனாட் ஓபன் ரூட் டிவைஸ் "யுயுஐடி=..." ஆர் அன்னோன்-பிளாக்(0,0): எரர் -6

யுயுஐடிக்குப் பிறகு ஒரு நீளமான எண். அதற்குக் கீழே பட்டியல்:

0800 117220824 எஸ்டிஏ, டிரைவர்: எஸ்டி
0801 ... எஸ்டிஏ1 5எஃப்3ஏ91சி2-01
0802 ... எஸ்டிஏ2 5எஃப்3ஏ91சி2-02

மேகலை:

இப்போது தெளிவு. டிஸ்க் டிரைவர் ஒழுங்காக ஏறியிருக்கிறது. 117220824 என்பது கிலோபைட் கணக்கில் உங்கள் 120 ஜிபி எஸ்எஸ்டி. அதன் பார்ட்டிஷன்களையும் கர்னல் படித்துவிட்டது. சிலந்திவலை சொன்னது சரியான முதல் சந்தேகம்தான், ஆனால் இந்தப் பட்டியல் அதைக் கழித்துவிடுகிறது. பட்டியல் காலியாக இருந்திருந்தால் அவர் வழியில் போயிருக்கலாம்.

சிக்கல் "ரூட்=யுயுஐடி=" என்ற வரியில். அந்த யுயுஐடி ஃபைல்சிஸ்டத்தின் தலைப்பகுதியில் எழுதப்பட்டிருப்பது. அதைத் தேடி எந்தப் பார்ட்டிஷன் என்று கண்டுபிடிப்பது கர்னலின் வேலை இல்லை. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்தான் அதைச் செய்து கொடுக்கிறது. நீங்கள் இனிட்ராம்எஃப்எஸ்ஸை எடுத்துவிட்டு, அதற்கு மட்டுமே புரியும் முகவரியைக் கர்னலிடம் கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் (0,0), அதாவது எந்த டிவைஸ் என்றே கர்னலுக்குப் பிடிபடவில்லை.

அடைப்புக்குறிக்குள் வரும் அந்த இரண்டு எண்களைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் எண் டிவைஸின் மேஜர் எண், இரண்டாவது மைனர். எஸ்டி வகை டிஸ்க்குக்கு மேஜர் 8. உங்கள் பட்டியலில் உள்ள 0801 கூட அதேதான், 8, 1. பேனிக்கில் (8,1) என்று வந்திருந்தால், பார்ட்டிஷன் கிடைத்துவிட்டது, அதில் உள்ள ஃபைல்சிஸ்டத்தைப் படிக்கத் தெரியவில்லை என்று பொருள். அப்போது எக்ஸ்ட்4 பக்கம் பார்க்க வேண்டும். (0,0) வந்தால் ஒன்று டிஸ்க்கே தெரியவில்லை, அல்லது நாம் சொன்ன பெயர் புரியவில்லை.

கர்னலுக்குத் தானாகப் புரியும் முகவரிகள் உண்டு. எஸ்டிஏ1 என்று நேராகச் சொல்லலாம், ஆனால் இன்னொரு டிஸ்க் செருகியிருக்கும்போது அந்தப் பெயர் மாறிப்போகலாம். அதைவிட நல்லது பார்ட்யுயுஐடி. அது பார்ட்டிஷன் அட்டவணையிலேயே இருப்பதால் கர்னலே படித்துக்கொள்ளும். உங்கள் பட்டியலில் எஸ்டிஏ1 பக்கத்தில் இருப்பது அதுதான். மெனுவில் இப்படி மாற்றுங்கள்:

ரூட்=பார்ட்யுயுஐடி=5எஃப்3ஏ91சி2-01 ஆர்ஓ ரூட்வெயிட் பேனிக்=10

ரூட்வெயிட் போட்டால் டிஸ்க் எழும்ப நேரமானாலும் கர்னல் காத்திருக்கும். பேனிக்=10 என்பது விழுந்தால் 10 வினாடியில் தானாக ரீபூட் ஆவதற்கு. எஃப்எஸ்டேப் கோப்பில் யுயுஐடி இருப்பதைத் தொட வேண்டாம், அதைப் படிக்கும் நேரத்தில் சிஸ்டம்டி எழுந்திருக்கும்.

மெனுகான்ஃபிக்கில் (கர்னல் தேர்வுகளைக் காட்டும் மெனு) டெவ்டிஎம்பிஎஃப்எஸ்_மவுன்ட் ஒய்யா என்று பார்த்துவிடுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாதபோது டெவ் அடைவை நிரப்ப வேறு ஆள் இல்லை. அது இல்லாமலும் சிஸ்டம்டி சமாளிக்கும், ஆனால் ஆரம்பத்தில் கன்சோல் திறக்க முடியவில்லை என்று ஒரு புலம்பல் வரும்.

நெட்புக்வாசி:

பூட் ஆகிவிட்டது அக்கா! முதல் தடவையே லாகின் திரை வரை போனது. நன்றி.

இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, பென்டிரைவ் செருகினால் எதுவும் நடப்பதில்லை. டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) யுஎஸ்பி டிவைஸ் வந்தது என்று மட்டும் காட்டுகிறது, எஸ்டிபி என்று ஒன்றும் வருவதில்லை. இரண்டு, பூட் ஆகும்போது "ஃபெயில்ட் டு லோட் ரெகுலேட்டரி.டிபி" என்று ஒரு வரி. வைஃபை வேலை செய்கிறது. ஏதெராஸ் ஏஆர்9285, டிரைவர் ஏடிஹெச்9கே.

அப்புறம், இப்படிக் கட்டியதால் ரேம் எவ்வளவு மிச்சமாகும்?

சிலந்திவலை:

பென்டிரைவ் கதை சுலபம். லோக்கல்யெஸ்கான்ஃபிக் பார்ப்பது அந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும். நீங்கள் எல்எஸ்மாட் எடுத்தபோது பென்டிரைவ் செருகியிருக்கவில்லை, அதனால் யுஎஸ்பி_ஸ்டோரேஜ் பட்டியலில் இல்லை, வெட்டிவிட்டது. அதேபோல விஃபேட், எக்ஸ்ஃபேட், அவற்றுக்கு வேண்டிய என்எல்எஸ் எழுத்துத் தொகுப்புகள், போனில் இருந்து இணையம் எடுக்க ஆர்என்டிஐஎஸ்_ஹோஸ்ட், சிடிசி_ஈதர், எல்லாம் போயிருக்கும். கேபிளைச் செருகிப் பார்த்தீர்களா? வயர் நெட்வொர்க் டிரைவர் பொதுவாக எப்போதும் ஏறியிருக்கும், ஆனாலும் ஒருமுறை பாருங்கள்.

பழைய கர்னலில் பூட் செய்து, வீட்டில் இருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, போன், பிரின்டர், ப்ளூடூத் மவுஸ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகி, மவுன்ட் செய்து, பயன்படுத்திவிட்டு அப்புறம் எல்எஸ்மாட் எடுங்கள். செருகினால் மட்டும் போதாது, மவுன்ட் செய்தால்தான் விஃபேட் ஏறும்.

ரேம் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஏறாத மாட்யூல் டிஸ்க்கில்தான் இடம் பிடிக்கும், ரேமில் இல்லை. டெபியன் கர்னலில் ஆயிரக்கணக்கில் மாட்யூல் இருந்தாலும் உங்கள் பெட்டியில் ஏறியது கொஞ்சம்தான். 2 ஜிபியைத் தின்பது பிரவுசர், அதற்குக் கர்னல் கான்ஃபிக் என்ன செய்ய முடியும்? இசட்ரேம் (ரேமிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) போடுங்கள், அதில் பலன் தெரியும். ஆனால் எல்எஸ்மாட் எடுத்தபோது அது ஓடியிருக்காவிட்டால் அதையும் வெட்டியிருக்கும், மெனுகான்ஃபிக்கில் தேடிச் சேருங்கள்.

மேகலை:

ரெகுலேட்டரி.டிபி பற்றி நான் சொல்கிறேன். ஏடிஹெச்9கேவுக்கு ஃபர்ம்வேர் கோப்பு தேவையில்லை, அதனால் ஒய் என்று வைத்தும் ஓடுகிறது. ஆனால் அதற்கு அடியில் உள்ள சிஎஃப்ஜி80211, எந்த நாட்டில் எந்த சேனலில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்ற விதிகளை லிப் அடைவில் உள்ள ஃபர்ம்வேர் கோப்பிலிருந்து படிக்கும். அதையும் ஒய் ஆக்கிவிட்டதால் ரூட் மவுன்ட் ஆவதற்கு முன்பே அந்தக் கோப்பைக் கேட்கிறது. இன்னும் திறக்காத டிஸ்க்கில் இருக்கும் கோப்பு எப்படிக் கிடைக்கும்? வைஃபை ஓடும், ஆனால் எல்லா நாட்டுக்கும் பொதுவான கட்டுப்பாடுகளோடு.

லோக்கல்யெஸ்கான்ஃபிக்கில் எனக்குப் பிடிக்காதது இதுதான். எல்லாவற்றையும் ஒய் ஆக்கிவிடுகிறது. ரூட் மவுன்ட் ஆகும் வரை வேண்டியவை மட்டும் ஒய்யாக இருந்தால் போதும்: பிசிஐ, ஏஹெச்சிஐ, எஸ்டி, எக்ஸ்ட்4. மீதி எல்லாம், குறிப்பாக வைஃபை, சவுண்ட், ப்ளூடூத், எம்மாகவே இருக்கட்டும். சாட்டா டிரைவர் வாசல் சாவி மாதிரி, கையில் இருக்க வேண்டும். மற்றவற்றை உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் லோக்கல்மாட்கான்ஃபிக்கில் தொடங்கி, அந்த நான்கை மட்டும் கையால் ஒய் ஆக்குங்கள். மெனுகான்ஃபிக்கில் சாய்வுக்கோடு அழுத்தினால் தேடலாம். ப்ராசசர் ஃபேமிலியில் இன்டெல் ஆட்டம் என்று ஒன்று 6.12இல் இருக்கிறது, தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வித்தியாசம் தெரியும் என்று நினைக்காதீர்கள். பின்னாளில் 6.16க்கோ அதற்கு மேலோ போனால் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் கம்பைல் செய்யும் பெட்டியின் சிபியுவுக்கே கட்டு என்று ஒரு தேர்வு வந்திருக்கிறது. ரைசனில் அதை வைத்துக் கட்டினால், அந்தக் கர்னலை ஆட்டத்தில் ஏற்ற முடியாது.

மாட்யூல்களைக் கையால் நகல் எடுத்துக் கஷ்டப்பட வேண்டாம். மேக் பின்டெப்-பேக்கேஜ் கொடுத்தால் டெப் கோப்பாகவே கிடைக்கும், நெட்புக்கில் டிபேக்கேஜ் -ஐ கொடுத்தால் முடிந்தது. அது இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றையும் தானாக உருவாக்கும். இருக்கட்டும், உங்கள் 40_கஸ்டம் மெனுவில் அதைக் கூப்பிடாவிட்டால் போதும், ஒருநாள் அவசரத்துக்கு உதவும்.

உபுண்டுபையன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு உபுண்டுவில் கம்பைலே ஆகவில்லை. "நோ ரூல் டு மேக் டார்கெட் டெபியன்/கனானிக்கல்-செர்ட்ஸ்.பிஇஎம்" என்று நிற்கிறது. அதோடு, என் லேப்டாப்பில் இன்டெல் வைஃபை. மேலே சொன்னதுபோல ஐடபிள்யுஎல்வைஃபையை ஒய் வைத்தால் ஓடுமா?

மேகலை:

முதலாவது, உபுண்டுவின் கான்ஃபிக்கில் அவர்களுடைய சான்றிதழ் கோப்பின் பாதை எழுதியிருக்கும். நீங்கள் கர்னல்.ஆர்க்கில் இருந்து எடுத்த சோர்ஸில் அந்தக் கோப்பு கிடையாது. சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ், சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ் இரண்டின் மதிப்பையும் காலியாக்குங்கள். கையோடு டீபக் இன்ஃபோவையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பைல் அடைவு பல ஜிபி வீங்கும்.

செக்யூர் பூட் போட்டிருந்தால், கையொப்பம் இல்லாத கர்னலைக் கிரப் ஏற்ற மறுக்கும். பயாஸில் அதை நிறுத்துங்கள், அல்லது சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு அந்தச் சாவியை மாக்யூட்டில் என்ற கருவி வழியாகப் பதியுங்கள்.

வைஃபை: ஒய் வைக்காதீர்கள். இன்டெல்லுக்கு ஃபர்ம்வேர் கட்டாயம். மேலே சொன்ன அதே காரணத்தால் எரர் -2 வரும், அதாவது கோப்பு இல்லை. நெட்புக்வாசிக்கு அது வெறும் எச்சரிக்கை, உங்களுக்கு வைஃபையே வராது. எம் என்று வையுங்கள். ஒய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் எக்ஸ்ட்ரா_ஃபர்ம்வேர் என்ற இடத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்துக் கர்னலுக்குள்ளேயே திணிக்கலாம். டிஸ்க் முழுவதும் லக்ஸ் குறியாக்கம் என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை விடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள், பாஸ்வேர்டு கேட்க அதுதான் வேண்டும்.

நெட்புக்வாசி:

எல்லாவற்றையும் செருகி எல்எஸ்மாட் எடுத்து, லோக்கல்மாட்கான்ஃபிக், நான்கு ஒய், மீதி எம். பென்டிரைவ், போன் இணையம், வைஃபை எல்லாம் ஓடுகிறது. ரெகுலேட்டரி வரியும் போய்விட்டது. இசட்ரேமும் போட்டாயிற்று. இனி 6.12இல் புதுப் பேட்ச் வரும்போதெல்லாம் இதையே திரும்பச் செய்ய வேண்டுமா?

சிலந்திவலை:

கட்டுவதைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும், ஆப்ட் இதைப் பார்த்துக்கொள்ளாது. பாதுகாப்புப் பேட்ச் வந்தால் உங்கள் பொறுப்பு. ஆனால் கான்ஃபிக் வேலை மறுபடி இல்லை. இப்போதைய .கான்ஃபிக்கை புது சோர்ஸில் வைத்து மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் (புதுத் தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பையே வைப்பது), அப்புறம் பின்டெப்-பேக்கேஜ். புது டெப் நிறுவியதும் 40_கஸ்டம் மெனுவில் கர்னல் கோப்பின் பெயரை மாற்றி, அப்டேட்-கிரப் கொடுங்கள். டெபியனின் கர்னலை மட்டும் எப்போதும் நீக்கிவிடாதீர்கள்.