தகுவாபா போகிறவர்கள் கவனத்துக்கு

அன்புள்ள உறவுகளுக்கு, வணக்கம்.

தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடத்தைப் பார்க்கத் தாய்லாந்து போகிறவர்கள் ‘தகுவாபா’ என்று மட்டும் குறித்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். கல்வெட்டு கிடைத்த காவ் ஃப்ரா நராய் குன்று இன்று பக்கத்து வட்டமான கப்போங்கில் இருக்கிறது. தகுவாபா 1932 வரை தனி மாகாணம். பிறகு பங்ங்கா மாகாணத்தோடு சேர்த்து வெறும் வட்டமாக்கிவிட்டார்கள். புத்தகங்களில் பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது.

குன்றில் சிலைகளையும் தேடாதீர்கள். திருமாலும் உடனிருந்த இருவரும் மரத்தின் வேர்ப்பிடியில் சிக்கி நெடுங்காலம் கிடந்தார்கள். இப்போது புக்கெட் தீவின் தலாங் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். அது விமான நிலையத்துக்குத் தெற்கே, தகுவாபா வடக்கே. எனவே இறங்கியதும் முதலில் தெற்கே போய்ப் பார்த்துவிட்டு, 4ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறுங்கள்.

கல்வெட்டு சிறியது, தொடக்கம் சிதைந்தது. ஆனாலும் ‘தொட்ட குளம்’ என்ற இரண்டு சொல் போதும். தொட்ட என்றால் தோண்டிய. குளத்தின் பெயர் அவனிநாரணம்; அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர், ஆகவே 9ஆம் நூற்றாண்டு. அந்தக் குளம் வணிகக் குழுவினரான மணிக்கிராமத்தாருக்கும் படைவீரர்களான சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம் என்கிறது கல்வெட்டு. வணிகர்கள் சரக்கை மாற்றிவிட்டுப் போனவர்கள் அல்லர், குளம் வெட்டித் தங்கியிருந்தவர்கள்.

ஏன் இங்கே தங்கினார்கள்? தகுவாபா ஆறுதான். கழிமுகத்தில் கோகோகாவ் தீவு. அதன் துங்துக் மேட்டில் சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. நாம்கெம் மீனவக் கிராமத்திலிருந்து படகில் போகலாம். 2004 சுனாமியில் மிக மோசமாக அழிந்த ஊர்களில் ஒன்று அது. நினைவிடத்தில் சற்று நின்றுவிட்டுப் போங்கள். இப்பகுதி மண்ணில் வெள்ளீயமும் இருந்தது. தகுவா என்றாலே தாய்லாந்து மொழியில் ஈயம். பிற்காலத்தில் வெள்ளீயச் சுரங்க மண் ஆற்றைத் தூர்த்துவிட்டதால் பழைய கடைத்தெரு ஓய்ந்தது. பேருந்து நிற்பது புதிய ஊரில். பழைய ஊர் சில கிலோமீட்டர் தெற்கே.

வழி தெரியாவிட்டால் வட்ட அலுவலகத்தை விட, தம்போன் (வட்டத்தின் உட்பிரிவு) தலைவரான கம்னானிடம் கேளுங்கள். வட்ட அதிகாரியை உள்துறை நியமிக்கும், மாறிக்கொண்டே இருப்பார். கம்னான் அந்த மண்ணின் ஊர்த்தலைவர்களில் ஒருவர். அங்கே பௌத்த ஆண்டுக் கணக்கு என்பதால் தாள்களில் ஆண்டு நம்முடையதைவிட 543 கூடுதலாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கரையில் கனமழை, குன்றுப் பாதை வழுக்கும்.