புதுப்பிப்பு: வாட்டர் ஹீட்டர் பொருத்தும் செலவு

ஹீட்டர் விலையைவிடப் பொருத்தும் செலவு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். இப்போது வேலை முடிந்துவிட்டது. "இலவசமாகப் பொருத்தித் தருகிறோம்" என்றால் பெரும்பாலும் சுவரில் மாட்டித் தருவது மட்டும்தான். இணைப்புக் குழாய், வால்வு, பழையதைக் கழற்றும் கூலி எல்லாம் தனிக் கணக்கு. முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்களுக்கு அதிகம் இழுத்தது வயரிங். 3000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் எடுக்கும். 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தாங்காது. தனி லைன், அதற்கென்று எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் மூன்றும் வேண்டும். எர்த் விஷயத்தில் தயவுசெய்து கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

ஹீட்டரின் பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சூடாகும்போது தண்ணீர் விரியும், அந்த அழுத்தத்தை வெளியே விடத்தான் அது இருக்கிறது. லேசாகச் சொட்டினால் பயமில்லை. ஆனால் அடைத்துவிடக் கூடாது, தொட்டியே வெடிக்கலாம். விடாமல் ஒழுகினால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், வெந்நீர் லைனுக்குச் சாதாரண பிவிசி ஆகாது, சூடு தாங்கும் சிபிவிசி குழாய் கேளுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் ஆனோடு கம்பியை அவ்வப்போது மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள்.