அடுப்பில்லா சமையல் போட்டி: கடலை, முந்திரி, எள்ளு எதுவும் ஆகாத பையனுக்கு என்ன செய்ய?

திருப்பூர்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பையனுக்கு ஆறு வயசு, ஒண்ணாவது படிக்கிறான். நிலக்கடலை, முந்திரி, பிஸ்தா, எள்ளு நாலும் ஆகாது. சும்மா தடிப்பு அரிப்போட போறதில்லைங்க. மூணு வயசுல ஒரு கல்யாணத்துல பாயாசத்துல இருந்த முந்திரிய எல்லாம் பொறுக்கி போட்டுட்டுதான் ஊட்டுனேன், ரெண்டே வாய், உதடு வீங்கி வாந்தி எடுத்து மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு, இலையில கை வச்ச சோத்தை அப்படியே போட்டுட்டு ஆட்டோ புடிச்சு ஓடுனோம். அதுக்கப்புறம்தான் டெஸ்ட் எல்லாம்.

இப்ப விஷயம் என்னன்னா வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல அடுப்பில்லா சமையல் போட்டி. போன வருஷம் பயந்துட்டு லீவு போட வச்சுட்டேன். இந்த வருஷம் "நானும் தொப்பி போட்டு செய்வேன்"னு ஒரே அழுகை. நெட்ல தேடுனா சமைக்காத உணவுன்னாலே பாதாம் பால், முந்திரி கிரீம், எள்ளுருண்டை, சியா விதை, ஆளி விதைன்னுதான் வருது, அதையெல்லாம் கழிச்சா கேரட் துருவல்தான் மிச்சம், அதையும் அவன் தொட மாட்டான். தேங்காய் சேக்கலாமா? வெள்ளரிக்காய் விதை தக்காளி விதையும் இந்த விதை கணக்குல வருமா? அவன் செஞ்சதை அவனே சாப்பிடணும்ங்க, அதுதான் எனக்கு முக்கியம், பரிசு எல்லாம் வேண்டாம்.

மலையடிவாரம்:
சிஸ் இதுக்கு ஏன் நெட்டை தேடுறீங்க, நம்ம பழனி பஞ்சாமிர்தம் இருக்கே! 2019ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. கோயில் பக்குவத்துல வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் அவ்ளோதான், முந்திரி பாதாம் எல்லாம் வீட்ல ஆடம்பரத்துக்கு போடுறது. ஒரு சொட்டு தண்ணி கூடாது, அடுப்பும் கிடையாது.

எங்க வீட்டு அளவு சொல்றேன். மலைவாழைப்பழம் அஞ்சு, நாட்டுச்சர்க்கரை 100 கிராம், கொட்டை எடுத்து பொடிசா கிள்ளின பேரீச்சை ஆறு, கற்கண்டு ஒரு ஸ்பூன், தேன் ஒரு ஸ்பூன், நெய் ஒரு ஸ்பூன், ரெண்டு ஏலக்காய் தட்டினது. விருப்பாச்சி பழம் கிடைச்சா ரொம்ப நல்லது, அதுல தண்ணி கம்மி. தோல்ல கறுப்பு புள்ளி விழுற வரைக்கும் பழுக்க விடுங்க. மிக்ஸி வேண்டவே வேண்டாம், அவனே கையால பிசையட்டும், முதல்ல சர்க்கரை நறநறன்னு கையில உரசும், பிசைய பிசைய பழம் இளகி சர்க்கரை கரைஞ்சு பளபளன்னு வரும், அப்பதான் மத்ததை போடணும். ஆறு வயசு பையன் கையில பிசையுறதைவிட சந்தோஷமான வேலை வேற என்ன இருக்கு.

இன்னொண்ணு, மெல்லிசு அவலை கழுவி வடிகட்டி அஞ்சு நிமிஷம் விட்டு தயிர், உப்பு, மாதுளை, பொடிசா நறுக்குன வெள்ளரிக்காய் போட்டு தயிர் அவல். தாளிக்க வேண்டாம்.

பழையசோறு:
எங்க காலத்துல இந்த அலர்ஜியெல்லாம் கேள்விப்பட்டதே இல்லை. பொத்திப் பொத்தி வளக்குறதுதான் காரணம். தினமும் அரை கடலை குடுத்து பழக்குங்க, உடம்பு தானா ஏத்துக்கும்.

வார்டுசிஸ்டர்:
ஐயா கோவிச்சுக்காதீங்க, ஆனா நீங்க சொன்னதை யாரும் வீட்ல செஞ்சு பாத்துடக் கூடாது. நான் குழந்தைகள் வார்டுல நர்ஸ். கொஞ்சம் கொஞ்சமா குடுத்து பழக்குற வைத்தியம்னு ஒண்ணு இருக்கறது உண்மைதான், ஆனா அதை டாக்டர் மில்லிகிராம் கணக்குல அளந்து பக்கத்துலயே அட்ரினலின் ஊசிய (கடுமையான அலர்ஜி வந்தா உடனே போடுறது) வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில ஆரம்பிப்பாங்க. அரை கடலைங்கறது சில பிள்ளைங்களுக்கு ரொம்ப ரொம்ப அதிகம்.

திருப்பூர்அம்மா, தேங்காய்க்கு வர்றேன். கடலை முந்திரி ஆகாத பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு தேங்காய் ஒத்துக்கும், அமெரிக்காவுலகூட 2025ல அலர்ஜின்னு பாக்கெட்ல போட வேண்டிய மரக்கொட்டை (முந்திரி, பாதாம் மாதிரி) லிஸ்ட்ல இருந்து தேங்காயை எடுத்துட்டாங்க. உங்க பையன் சட்னி பொரியல்னு தேங்காய் சாப்பிட்டுட்டுதானே இருக்கான்? அப்ப பயப்படாம குடுங்க, இதுவரை குடுத்ததே இல்லைன்னா மட்டும் டாக்டரை கேட்டுட்டு. தக்காளி வெள்ளரி விதையும் அதே மாதிரிதான், எள்ளு ஆகலைங்கறதால எல்லா விதையும் ஆகாதுன்னு அர்த்தமில்லை. ஒழுங்கா சாப்பிடுறதை பயத்துல நிறுத்தாதீங்க, ஏற்கனவே கடலை எள்ளுன்னு கொழுப்பு சத்து உள்ளது பாதி போயிடுச்சு, தேங்காய், நெய், தயிர், பட்டர் ஃப்ரூட் இதெல்லாம்தான் ஈடுகட்டணும். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், அதனாலதான் ரெண்டும் சேந்தே ஆகாம போகுது. மாமரமும் அதே குடும்பம்தான், ஆனா பழம் பெரும்பாலும் பிரச்சனை பண்ணாது.

பச்சையா முளைகட்டின பயறு மட்டும் சின்ன பிள்ளைங்களுக்கு வேண்டாம், அந்த ஈர கதகதப்புல கிருமியும் சேந்து முளைக்கும். ஆவி காட்டிதான் குடுக்கணும், அப்ப அது அடுப்பில்லா சமையல் ஆகாது பாருங்க.

போட்டி அன்னைக்கு பக்கத்து மேஜையில யாராவது கடலை உருண்டை புடிப்பாங்க, நிச்சயம். டீச்சர்கிட்ட சொல்லி இவனுக்கு ஓரமா தனி மேஜை கேளுங்க. கைய சோப்பு போட்டு தண்ணியில கழுவணும், சானிடைசர் கிருமிய கொல்லுமே ஒழிய கடலை பிசுக்கை எடுக்காது. டாக்டர் அட்ரினலின் எழுதி குடுத்திருந்தா அது யார் கையில இருக்கும், யார் போடுவாங்கன்னு முதல் நாளே பேசி வச்சுடுங்க. மூச்சு திணறுனா அலர்ஜி சிரப்பை குடுத்துட்டு உக்காந்து பாக்குறது இருக்கே, அதுதான் நாங்க அடிக்கடி பாக்குற தப்பு. உடனே தொடையோட வெளிப்பக்கம் ஊசி, அப்புறம் 108.

மளிகைக்கடைக்காரன்:
கடைக்காரனா ஒரு உண்மைய சொல்லிடுறேன் தங்கச்சி. எங்க கடையில பொட்டுக்கடலை மூட்டைக்கு பக்கத்துல நிலக்கடலை மூட்டை. ரெண்டுக்கும் ஒரே கரண்டி, ஒரே தராசு தட்டு. முந்திரி திராட்சை ஏலக்காய் மூணும் ஒரே கண்ணாடி பெட்டியில. எந்த கடைக்கு போனாலும் கிட்டத்தட்ட இதுதான் கதை, அதனால உதிரியா எதையும் வாங்காதீங்க, கம்பெனியில சீல் பண்ண பாக்கெட்டா பாருங்க. அந்த பாக்கெட்டையும் திருப்பி பாருங்க. நம்ம நாட்டு விதிப்படி அலர்ஜின்னு தனியா போட வேண்டிய லிஸ்ட்ல நிலக்கடலை, கொட்டை வகை, பால், முட்டை, சோயா எல்லாம் இருக்கு, எள்ளு இல்லை. அதனால எள்ளை பொருள் பட்டியல் வரிசையிலதான் தேடணும், பொடி எழுத்துல கிடக்கும்.

செக்கு எண்ணெய் வாங்குற வழக்கம் இருந்தா அதையும் யோசிங்க. காலையில கடலை ஆட்டுன செக்குலதான் மதியம் தேங்காயும் எள்ளும் ஆட்டுவாங்க.

திருப்பூர்அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. செக்கு விஷயம் எனக்கு தோணவே இல்லை, நேத்து ராத்திரி தேங்காண்ணெய் பாட்டிலை பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். மிக்ஸி ஜாரையும் கழட்டி பாத்தேன், பிளேடுக்கு அடியில ரப்பர் வளையத்துல பழைய இட்லிப்பொடி ஒட்டிக் கிடக்குது, மாமியாருக்குன்னு எள்ளு போட்டு அரைச்சது. நல்ல வேளை பஞ்சாமிர்தத்துக்கு மிக்ஸி இல்லை.

சிஸ்டர், டீச்சர்கிட்ட பேசிட்டேன், ஜன்னலோரம் தனி மேஜை தர்றாங்களாம், நானும் கூடவே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க, ஊசி என் பைலதான். நேத்து ஒரு ஒத்திகை பாத்தோம். முழங்கை வரைக்கும் பூசிக்கிட்டான். பாதிய கிண்ணத்துல போடுறதுக்குள்ள பாதிய நக்கிட்டான், கேட்டா செஃப்னா டேஸ்ட் பாக்கணுமாம்.

ஒரே ஒரு சந்தேகம், இங்க மார்க்கெட்ல மலைவாழையே வரலை. பூவன்ல செய்யலாமா?

மலையடிவாரம்:
தாராளமா. கொஞ்சம் புளிப்பும் நீர்ப்பும் இருக்கும், அதனால சர்க்கரைய ஒரு கைப்பிடி கூட போட்டு, பேரீச்சை ரெண்டு சேத்துக்கோங்க. ராத்திரியே செஞ்சு வைக்காம அங்க போய் பிசைங்க, வச்சா தண்ணி விட்டுடும். தொப்பி போட்ட போட்டோ கண்டிப்பா வேணும் 😄